அப்பாவோட ஹெரால்டும் மூணு பேட்டரியும்

திருச்சியிலேர்ந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேர் வேணாம்னுட்டாங்க, அதனால விஷயத்த மட்டும் சுருக்கி சொல்றேன். அவங்க அப்பா மூணு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார். விட்டுட்டுப் போனது ஒரு 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், ரெண்டு கதவு, அவரே வாங்கி அவரே ஓட்டி கடைசி வரைக்கும் அவரே கழுவின வண்டி. அவர் இருந்த வரைக்கும் ஒரு தடவ சாவி திருப்பினா ஸ்டார்ட் ஆகும், இப்ப ரெண்டு வாரம் நின்னா செத்துப்போகுது. மூணு வருஷத்துல மூணு பேட்டரி மாத்தியாச்சு. கடைசியா போட்டது மேல பச்சைக் கண்ணு இருக்குற தண்ணி ஊத்தத் தேவையில்லாத பேட்டரி, கண்ணு பச்சையாவே இருக்கு, ஆனா வண்டி எடுக்கல. வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை தவறாம போர்ட்டிகோவுலயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார், ஒன்றர வருஷம் முன்னாடி ஒரு புளூடூத் செட்டும் மாட்டினார். பக்கத்து தெரு மெக்கானிக் பார்த்துட்டு "பிளஸ்ஸ கொண்டுபோய் பாடியில குடுத்து வச்சிருக்காங்க, எல்லாமே தலைகீழ், மாத்திட்டு ஆல்டர்னேட்டர் போட்டுருங்க"ன்னு சொல்லியிருக்கார். அம்மா வேற பேட்டரிய சிமெண்ட் தரையில வச்சா டவுன் ஆயிடும்னு பலகை போடச் சொல்றாங்க. பெரிய பேட்டரி வாங்கவா, ஆல்டர்னேட்டர் (புது வண்டிகள்ல பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான்) போடவா, இல்ல வண்டிய வித்துடவா, இதுதான் கேள்வி.

நடுவுல போற போக்குல ரெண்டு விஷயம் சொல்லியிருக்கீங்க மா, எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு. ஒண்ணு, போன மாசம் ரொம்ப நேரம் செல்ஃப் போட்டப்ப சோக் நாப் (ஸ்டார்ட் பண்றதுக்கு டாஷ்போர்டுல இழுக்குற குமிழ்) கைய சுட்டுச்சு, ரப்பர் தீயுற வாடை வந்துச்சுன்னு ஒரே ஒரு வரி. ரெண்டாவது, அப்பாவோட நோட்டுல ஒவ்வொரு மாசமும் தேதி போட்டு 1240, 1245, 1240ன்னு ஆறு நம்பர் எழுதியிருக்கு, பக்கத்துல "முக்கொம்பு 36"ன்னு இருக்கு, இது என்ன கணக்குன்னே தெரியலன்னு எழுதியிருக்கீங்க. நோட்டுக்கு அப்புறம் வரேன், மொதல்ல அந்த சோக்.

சோக் நாப் ஏன் சுட்டுச்சு

இத படிச்ச உடனே இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. அந்த வண்டிக்கு இனிமே செல்ஃப் போடாதீங்க, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி சாவிய வாங்கி வச்சுக்கங்க, நான் கீழ சொல்றத பார்த்து முடிக்கிற வரைக்கும்தான். பயமுறுத்துறேன்னு நினைக்க வேணாம், ஆனா இது பேட்டரி பிரச்சனைய விட பெருசு.

ஹெரால்டுல ஒரு விசேஷம் இருக்கு, அதுல சேஸிஸ் தனி, பாடி தனி, பாடிய போல்ட் போட்டு மேல உக்கார வச்சிருப்பாங்க. இன்ஜின் வேற ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு. பேட்டரியோட எர்த் கேபிள், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற பக்கத்து கேபிள், பாடியில வந்து முடியுது. அப்ப செல்ஃப் மோட்டார் இழுக்குற கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகணும்னா இன்ஜின்லேர்ந்து பாடிக்கு வழி வேணும், நடுவுல இருக்குறதெல்லாம் ரப்பர். அதுக்காகவே கம்பெனியில இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் மாதிரி தட்டையா ஒரு செம்புப் பட்டை போட்டு விட்டிருப்பாங்க. அது அறுந்துபோனாலோ, இன்ஜின் இறக்கி ஏத்தினப்ப திரும்ப மாட்ட மறந்துட்டாலோ, பெயிண்ட் அடிச்சு அதுக்கு மேலயே போல்ட் போட்டுட்டாலோ கரண்ட் வேற வழி தேடும். அதுக்குக் கிடைக்கிற வழி சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பி, ஸ்பீடாமீட்டர் கேபிள், இவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் சுத்தும்போது 150 ஆம்பியர் கிட்ட இழுக்கும், பூட்டு மாதிரி இறுகி நிக்கும்போது அதுக்கும் மேல, அவ்வளவும் சைக்கிள் பிரேக் கம்பி சைஸ்ல இருக்குற ஒரு கம்பி வழியா போனா அது சுடாம என்ன பண்ணும், அதுவும் கார்புரேட்டர்ல போய் முடியுற கம்பி, பெட்ரோல் பக்கத்துல.

இதுலயே உங்க மூணு பேட்டரி கதையில பாதி அடங்கிடுது. வழியில நூத்துல ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியருக்கு ஒன்றர வோல்ட் அங்கயே காலி. செல்ஃப் மோட்டாருக்குப் போய் சேர்றது எட்டோ ஒம்பதோ வோல்ட், அது முக்கி முனகி சுத்தும், பார்க்குறவங்க "பேட்டரி டவுன்"னு சொல்லிடுவாங்க. புது பேட்டரி போட்டா கொஞ்சம் தெம்பு ஜாஸ்தி, ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

கண்டுபிடிக்கிறது சுலபம். கனமான ஜம்பர் கேபிள் ஒண்ணு எடுத்து ஒரு முனைய பேட்டரியோட எர்த் போஸ்ட்லயும் (உங்க வண்டியில அது பிளஸ், ஞாபகம் இருக்கட்டும்), இன்னொரு முனைய இன்ஜின் மேல பெயிண்ட் இல்லாத வெத்து இரும்புலயும் கெட்டியா கடிக்க விடுங்க. வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, மூணே செகண்ட் செல்ஃப். முன்னாடி முனகின மோட்டார் இப்ப சடசடன்னு சுத்துச்சுன்னா தீர்ப்பு வந்துடுச்சு, எர்த் பட்டை வாங்கிப் போடுங்க, போடுற ரெண்டு இடத்தையும் உப்புத்தாள் வச்சு பளபளன்னு தேய்ச்சுட்டு. பேட்டரியிலேர்ந்து பாடிக்கு வர்ற கேபிள் முனையையும் அதே கையோட கழட்டித் தேய்ச்சுருங்க. சென்னை புதுப்பேட்டையில பழைய பட்டையே கிடைக்கும், எந்த வண்டியோட பட்டையா இருந்தாலும் நீளமும் கனமும் சரியா இருந்தா போதும்.

மீட்டர் இருந்தா இன்னும் துல்லியமா பார்க்கலாம். மல்டிமீட்டர 20 வோல்ட் டிசியில வச்சு ஒரு கம்பிய பேட்டரி எர்த் போஸ்ட் மேல (கிளாம்ப் மேல இல்ல, ஈயப் போஸ்ட் மேல), இன்னொண்ணு இன்ஜின் மேல. செல்ஃப் போடும்போது அர வோல்டுக்குக் கீழ காட்டணும். ரெண்டு மூணு வோல்ட் காட்டினா உங்க காசு அங்கதான் எரியுது. பட்டை போட்டு முடிச்ச அப்புறம் இந்த டெஸ்ட்ட வச்சுக்கங்க, முன்னாடி வேணாம்.

பிளஸ் எர்த் தலைகீழ் இல்ல

அந்த மெக்கானிக் தம்பிய தப்பு சொல்லல, அவர் பொறந்ததுலேர்ந்து மைனஸ் எர்த் வண்டிதான் பார்த்திருப்பார். ஆனா உங்க வண்டி பொறந்ததே அப்படித்தான். இங்கிலாந்து கம்பெனிங்க எல்லாம் ரொம்ப வருஷம் பிளஸ்ஸதான் பாடியில குடுத்தாங்க, ஹெரால்ட் டிசைனும் அங்கேர்ந்து வந்ததுதான், 1961லேர்ந்து நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் கம்பெனி பண்ணினது. கரண்ட் தயாரிச்சு பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் எந்தப் பக்கம் எர்த்துங்கறதப் பத்திக் கவலையே கிடையாது, கவலைப்படுறது டிரான்சிஸ்டர் உள்ள சாமான்தான்.

தொந்தரவு எங்க வரும்னா இன்னைக்கு கடையில நாம கேட்டுப் பழகின அத்தன சட்டமும் மைனஸ் எர்த் வண்டிக்கு எழுதினது. "பேட்டரி கழட்டும்போது மைனஸ மொதல்ல கழட்டு"ம்பாங்க. அதோட உள் அர்த்தம் எர்த்த மொதல்ல கழட்டு, மாட்டும்போது எர்த்த கடைசியா மாட்டுங்கறது. உங்க வண்டியில பிளஸ்தான் மொதல்ல கழட்டணும். மாத்திக் கழட்டினா ஸ்பேனர் பாடியில பட்டு பொறி பறக்கும். நான் வேலை கத்துக்கிட்டப்ப எங்க மேஸ்திரி வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டி டப்பாவுல போடாம பேட்டரி பக்கமே விடமாட்டார், ஒருத்தன் மோதிரம் சிவந்து விரலோட ஒட்டினத அவர் பார்த்திருக்கார். நீங்க வளையலக் கழட்டி வச்சுட்டு போங்க மா, தங்கமோ கண்ணாடியோ.

ஜம்ப் ஸ்டார்ட்டும் அப்படித்தான். வீட்டுக்காரர் புது கார்லேர்ந்து கேபிள் போட்டு எடுத்ததா எழுதியிருக்கீங்க. பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், அதுல மாத்தமில்ல. ஆனா ரெண்டு வண்டியோட இரும்பும் எங்கயும் ஒண்ண ஒண்ணு தொடக்கூடாது, பம்பர் பம்பர் இடிச்சு நின்னா அங்க நேரா ஷார்ட். அந்தப் புது கார்ல இருக்குற எலக்ட்ரானிக்ஸ் விலைய யோசிச்சா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். ஒரு தனி பேட்டரிய தூக்கிட்டு வந்து போடுங்க, நிம்மதி.

ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்

இது வீட்டுக்காரர் அக்கறையா பண்றது, அதனால மெதுவா சொல்லுங்க. அந்தப் பத்து நிமிஷம் பேட்டரிய சார்ஜ் பண்ணல, குடிக்குது.

உங்க வண்டியில இருக்குறது டைனமோ. ஆல்டர்னேட்டர் மாதிரி ஐடிலிங்குலயே, அதாவது வண்டி நின்ன எடத்துல இன்ஜின் மெதுவா ஓடும்போதே, குடுக்காது. ஐடில்ல டாஷ்போர்டுல சிவப்பு லைட் மினுமினுன்னு எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா அந்த நேரம் சார்ஜே போகலன்னு அர்த்தம், அது ரிப்பேர் இல்ல, டைனமோவோட சுபாவம். இன்ஜின் வேகம் ஏறி டைனமோ வோல்டேஜ் பேட்டரிய தாண்டின அப்புறம்தான் கட்டவுட் (ரெண்டையும் சேர்த்துப் பிரிக்குற தானியங்கி சுவிட்ச்) ஒட்டி சார்ஜ் போகும். இப்ப கணக்கு போடுங்க. எர்த் சரியில்லாததால அர நிமிஷம் செல்ஃப் போடுறார்னு வச்சா 150 ஆம்பியர்ல ஒண்ணேகால் ஆம்பியர் அவர் (பேட்டரியில இருக்குற சார்ஜோட அளவு, ஆம்பியர மணியால பெருக்கினது) போச்சு. பத்து நிமிஷம் ஐடில்ல இக்னிஷன் காயில் மட்டும் அர ஆம்பியர் அவர் குடிக்கும். திரும்ப வந்தது கிட்டத்தட்ட பூஜ்யம். வாரா வாரம் இப்படி, மாசத்துல ஏழு எட்டு ஆம்பியர் அவர். போதாததுக்கு சூடேறாத இன்ஜின் சைலன்சர்லயும் ஆயில்லயும் தண்ணி சேர்த்து வைக்கும்.

அதுக்குப் பதிலா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ முக்கா மணி நேரம் ஓட்டுங்க. டவுனுக்குள்ள சிக்னல் சிக்னலா நின்னு போறது இல்ல, ரோட்ல நாப்பது அம்பதுல டாப் கியர்ல. அந்த டைனமோ நல்லா இருந்தா இருபது ஆம்பியர் வரைக்கும் குடுக்கும், பகல்ல லைட் போடாம போனா அதுல பெரும்பகுதி பேட்டரிக்குப் போகும். ராத்திரி ஹெட்லைட் போட்டா அதுவே எட்டு பத்து ஆம்பியர் எடுத்துக்கும், அதனால சாயங்காலம் கோயிலுக்குப் போய் இருட்டினப்புறம் திரும்புறது கணக்குல சேராது. தில்லைநகர்லேர்ந்து ஸ்ரீரங்கம் போய் வர்றதும் சேராது, பாலத்து மேல நிக்குற நேரமே பாதி.

இப்ப அப்பா நோட்டுல "முக்கொம்பு 36"ன்னு ஏன் இருக்குன்னு புரிஞ்சிருக்கும். திருச்சிக்கு வெளிய காவேரி மேல இருக்குற முக்கொம்பு அணைக்குப் போக 18 கிலோமீட்டர், வர 18. ஞாயித்துக்கிழமை காலையில உங்கள கூட்டிட்டுப் போய் மாங்காய் பத்தை வாங்கிக் குடுத்தார்னு எழுதியிருந்தீங்களே, அந்த வேலையோட இந்த வேலையையும் முடிச்சிருக்கார் மனுஷன்.

ஸ்டார்ட் ஆகாம ரொம்ப நேரம் சுத்துறதுக்கு இன்னொரு காரணம் பெட்ரோல். ரெண்டு வாரம் நின்னா கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்குற பெட்ரோல் திருச்சி வெயிலுக்கு ஆவியாப் போயிடும். பம்ப் திரும்ப நிரப்புற வரைக்கும் செல்ஃப் வீணா சுத்தும். ஹெரால்டு பெட்ரோல் பம்ப்புக்கு அடியில கையால அமுக்குற சின்ன லிவர் ஒண்ணு இருக்கும், மொத்த பானெட்டையும் முன்னாடி கவுத்தா கைக்கு எட்டும். பத்துப் பதினஞ்சு தடவ அமுக்குங்க, கிண்ணம் நிறைஞ்சா லிவர் லேசாயிடும், அப்புறம் சாவி. இது ஒண்ணு பண்ணினாலே அர நிமிஷம் சுத்துறது அஞ்சு செகண்டாயிடும். அப்படியே பெட்ரோல் ஓஸ் வெடிச்சிருக்கான்னும் பாத்துக்கங்க, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

வண்டி தூங்கும்போது யார் முழிச்சிருக்கா

1966 ஹெரால்டுல சாவிய எடுத்துட்டா கரண்ட் இழுக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்படியிருக்க ரெண்டு வாரத்துல பேட்டரி காலியாகுதுன்னா எனக்கு மொதல் சந்தேகம் அந்த புளூடூத் செட் மேலதான். ஞாபகம் வச்சுக்குறதுக்குன்னு ஒரு ஒயர் எப்பவும் லைவ்ல இருக்கும். சாதாரணமா கொஞ்சமாத்தான் இழுக்கும், ஆனா சரியா தூங்காத செட் 100 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் அவர், பதினாலு நாள்ல 33. உங்க பேட்டரியே 45 ஆம்பியர் அவர்தான். பிளஸ் எர்த் வண்டியில இந்த செட்ட எப்படி மாட்டினாங்கங்கறதும் பார்க்கணும், செட்டோட உடம்பு மைனஸ், டாஷ்போர்டு பிளஸ், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் துண்டோ டேப்போதான் காவல் நிக்குது. ஆன்டெனா ஒயர் பாடியில பட்டாலும் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் போடலன்னா ஒயரே போகும். என்னக் கேட்டா கழட்டிருங்க. பாட்டு கேக்கணும்னா சார்ஜ் போட்டுக்குற சின்ன ஸ்பீக்கர சீட்ல வச்சுக்கங்க.

இன்னொரு ஆள் கட்டவுட். டைனமோவையும் பேட்டரியையும் சேர்க்குற அந்தப் பெட்டிக்குள்ள காண்டாக்ட் கருகி ஒட்டிக்கிச்சுன்னா இன்ஜின் நின்ன அப்புறமும் பேட்டரி கரண்ட் டைனமோ வழியா ஓடும், ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிடும், டைனமோவும் சூடாகும். அப்பா தினமும் ராத்திரி பேட்டரி ஒயரக் கழட்டிட்டுத்தான் சாப்பிட உக்காருவார்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு அவர் எப்பவோ இதுல அடிபட்டிருக்கணும், இல்ல எலி ஒயரக் கடிக்கும்ங்கற பயமா இருக்கணும். எதுவா இருந்தாலும் நல்ல பழக்கம்.

அதையே நீங்க சுலபமா பண்ண கட் ஆஃப் சுவிட்ச் போடுங்க. ஒரு எச்சரிக்கை, கடையில விக்குற திருகு வச்ச பித்தளை சுவிட்ச் பெரும்பாலும் மைனஸ் போஸ்ட் சைஸுக்கு இருக்கும். பேட்டரியில பிளஸ் போஸ்ட் கொஞ்சம் தடிமன், அதுல இது உக்காராது, சுத்தியலால தட்டி உக்கார வைக்கிறேன்னு யாராவது வந்தா விடாதீங்க, பேட்டரி உள்ள உடையும். கேபிள் நடுவுல போடுற மாதிரி சுவிட்ச் கேட்டு வாங்கி எர்த் கேபிள்ல போடுங்க.

பேட்டரி மேல இருக்குற அழுக்கும் ஈரமும் சேர்ந்தாலும் மெல்ல மெல்ல கரண்ட் ஒழுகும். சமையல் சோடாவ தண்ணியில கரைச்சு துணி தொட்டுத் துடைங்க, உள்ள போகாம. டெர்மினல்ல கொஞ்சம் வாசலின். அம்மா சொல்ற சிமெண்ட் தரை கதை அந்தக் காலத்துப் பேட்டரிக்கு ஓரளவு நிஜம், மேல்கூடு ரப்பர்லயும் மரத்துலயும் இருந்தப்ப. இப்ப பிளாஸ்டிக் கூடு, தரை ஒண்ணும் பண்ணாது. ஆனா பலகை போட்டா நஷ்டமில்ல, அம்மா மனசுக்காகப் போட்டுருங்க.

நோட்டுல இருக்குற ஆறு நம்பர்

பேட்டரியில ஆறு செல். அந்த ஆறு நம்பரும் ஹைட்ரோமீட்டர் ரீடிங். கண்ணாடிக் குழாய்க்குள்ள மிதவை இருக்கும், ரப்பர் பந்த அமுக்கி ஒவ்வொரு செல்லுலேர்ந்தும் ஆசிட்ட உறிஞ்சி மிதவை எங்க நிக்குதுன்னு பார்த்து ஆசிட்டோட அடர்த்திய தெரிஞ்சுக்குறது. நம்ம ஊர் வெயிலுக்கு ஆசிட்ட கொஞ்சம் நீர்த்துத்தான் ஊத்துவாங்க, அதனால முழு சார்ஜ்ல 1240, 1250 வந்தா நல்ல பேட்டரி. 1180க்குப் பக்கம் வந்தா பாதிதான் இருக்கு. அத விட முக்கியம் ஆறும் ஒத்துப்போறது. நீங்க எழுதி அனுப்பின கடைசிப் பக்கத்துல 1240, 1240, 1235, 1190, 1240, 1240ன்னு இருக்கு, நாலாவது செல் 50 பாயிண்ட் கீழ. அந்த செல் போயிட்டிருந்துச்சு, அவருக்குத் தெரிஞ்சிருக்கும், அதான் அடியில கோடு போட்டிருக்கார். அந்த ஒரு பேட்டரி நிஜமாவே மாத்த வேண்டிய பேட்டரிதான். அதுக்கப்புறம் மாத்தினது எல்லாம் சந்தேகம்.

இப்ப இருக்குற பேட்டரியோட பச்சைக் கண்ணும் ஒரு ஹைட்ரோமீட்டர்தான், ஆனா ஆறு செல்லுல ஒரே ஒரு செல்லத்தான் பார்க்குது. மத்த அஞ்சுல ஒண்ணு செத்திருந்தாலும் அது பச்சையாத்தான் சிரிக்கும். அதனால கண்ண நம்பாம மீட்டர நம்புங்க. வண்டி ஓடி நின்னு ஒரு ராத்திரி கழிச்சு பார்க்கணும்:

12.6க்கு மேல: நிறைவா இருக்கு.
12.4: முக்கால்.
12.2: பாதி, அன்னைக்கே சார்ஜ் போடுங்க.
12க்குக் கீழ: கிட்டத்தட்ட காலி, இப்படியே விட்டா தகட்டுல வெள்ளையா சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும், அதுதான் பேட்டரிய நிஜமா கொல்றது.
செல்ஃப் போடும்போது 9.6க்குக் கீழ விழுந்தா: முழு சார்ஜ் பண்ணிட்டு இன்னொரு தடவ பாருங்க, அப்பவும் விழுந்தாதான் பேட்டரி மேல குத்தம்.

அடுத்த தடவ பேட்டரி வாங்கும்போது மூடி திறக்குற மாதிரி வாங்குங்க, அதே 45 ஆம்பியர் அவர் போதும். பெருசு வாங்கினா ட்ரேயில உக்காராது, டைனமோவும் அத நிரப்ப முடியாம திணறும். போஸ்ட் எந்தப் பக்கம் வருதுன்னு பழச பக்கத்துல வச்சுப் பார்த்து வாங்குங்க. தண்ணி டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், ஆர்ஓ தண்ணி வேணாம், ஆசிட் வேணவே வேணாம். சார்ஜ் ஏறின அப்புறம் ஊத்துங்க, முன்னாடியே விளிம்பு வரைக்கும் ஊத்தினா சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

வெளியூர் போனா, மழைக்காலத்துல ஓட்ட முடியலன்னா, தானா நிறுத்திக்குற சார்ஜர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. 13.5 வோல்ட் பக்கத்துல புடிச்சு நிறுத்துற மாதிரி இருக்கணும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர நாள் முழுக்க போட்டு விட்டா தண்ணி கொதிச்சுக் காய்ஞ்சிடும். கடையில "பூஸ்ட் சார்ஜ், ஒரு மணி நேரத்துல தரேன்"ம்பாங்க, அவசரத்துக்கு ஒரு தடவ சரி, பழக்கமா வேணாம். சார்ஜ் ஏறும்போது வர்ற வாயு தீப்பிடிக்கும், அதனால பூஜை ரூம் பக்கத்துலயோ சமையல் ரூம்லயோ வச்சு சார்ஜ் போடக்கூடாது, சார்ஜர ஆஃப் பண்ணிட்டுத்தான் கிளிப்ப எடுக்கணும்.

ஆல்டர்னேட்டர், ஆர்சி, விக்கிறது

ஆல்டர்னேட்டர் போடலாம், பாவம் ஒண்ணும் இல்ல. ஐடில்லயே சார்ஜ் ஏறும், ராத்திரி ஓட்டத்துக்கு நல்லது. ஆனா அது மைனஸ் எர்த் கேக்கும், அப்ப பேட்டரிய திருப்பணும், இக்னிஷன் காயிலோட ரெண்டு ஒயரையும் மாத்தணும், கட்டவுட்ட வெளிய எடுக்கணும், பிராக்கெட் அடிக்கணும். இவ்வளவும் பண்ணி அந்த எர்த் பட்டை இல்லன்னா வண்டி அப்பவும் எடுக்காது, சோக் நாப் அப்பவும் சுடும். அதனால மொதல்ல பட்டை, அப்புறம் புளூடூத்தக் கழட்டுறது, அப்புறம் டைனமோவுல கார்பன் தேய்ஞ்சிருக்கா பெல்ட் லூசான்னு பார்க்குறது. ஆறு மாசம் ஓட்டுங்க. அப்பவும் ராத்திரியில நிறைய ஓட்டுறீங்க, பத்தலன்னு தோணினா போட்டுக்கங்க, பழைய டைனமோவ மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.

பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய உடைக்கச் சொல்லுவாங்கன்னு வீட்டுக்காரர் பயப்படுறார். ஆர்சிய நேரத்துக்குப் புதுப்பிச்சு எஃப்சி காட்டினா வச்சுக்கலாம், வயசானதுக்காகவே ஓட்டக்கூடாதுங்கற பேச்செல்லாம் டெல்லி பக்கத்து விவகாரம். 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி அம்பது வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு தனியா பதியலாம், உங்க வண்டிக்கு வயசு தகுதி இருக்கு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு செல்லும். ஆனா விண்டேஜ்னு பதிஞ்சா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் ரோட்ல எடுக்கலாம், வழக்கமா ஓட்டக்கூடாது. அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படுற நீங்க சாதாரண ஆர்சியாவே வச்சுக்குறது நல்லதுன்னு எனக்குப் படுது, முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு தடவ கேட்டுக்கங்க.

விக்கிறதப் பத்தி நான் என்ன சொல்ல. ஸ்டார்ட் ஆகாத வண்டிய வித்தா இரும்பு விலைதான் கேப்பாங்க, அதனால விக்கிறதா இருந்தாலும் பட்டைய போட்டுட்டு வில்லுங்க.

பட்டை மாட்டின அன்னைக்கு பேட்டரிய வெளிய சார்ஜ் பண்ணி முழுசா ஏத்திட்டு மாட்டுங்க, பிளஸ் கடைசியா. பம்ப் லிவர அமுக்கிட்டு சாவி போடுங்க. எடுத்துச்சுன்னா நேரா முக்கொம்பு. ரோட்ல வேகம் புடிச்சதும் சிவப்பு லைட் அணையுதான்னு பாருங்க, அணையலன்னா வீட்டுக்குத் திருப்பிடுங்க, டைனமோ வேலை பாக்கி இருக்கு. அணைஞ்சா போய்ட்டு வந்து மறுநாள் காலையில வோல்ட் பார்த்து அப்பா நோட்டுலயே அடுத்த வரியில எழுதி எனக்கு அனுப்புங்க, செல்ஃப் போடும்போது எவ்வளவு இறங்குச்சுங்கறதையும் சேர்த்து.